பனிக்கால முழுநிலாவில் கண்மாய்க்கரை நடை: அழைத்துச் செல்பவருக்கான முழு வழிகாட்டி

மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கண்மாய் நிறைந்திருக்கும். வானம் கழுவிவிட்டது போலத் தெளிந்திருக்கும். வடக்கிலிருந்து வந்த வாத்துகள் தண்ணீரில் இருக்கும். பத்துப் பன்னிரண்டு பேரை நிலா வெளிச்சத்தில் மட்டும் நடக்கவைத்து, இரவு எப்படி இயங்குகிறது என்று காட்ட ஆண்டில் இதைவிடப் பொருத்தமான காலம் கிடையாது.

நிலாவும் இந்த மாதங்களில்தான் வானத்தில் மிக உயரமாகப் போகிறது. சூரியன் தெற்கே தாழ்ந்து செல்லும் காலத்தில் முழுநிலா அதற்கு நேர் எதிரே இருப்பதால் வடக்கே ஏறிச் செல்லும். மதுரைப் பக்கம் மார்கழிப் பௌர்ணமி நள்ளிரவில் நிலா கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும். நம் நிழல் காலடிக்குள் சுருங்கிவிடும். ஒளி குறைந்த காற்றைக் கடந்து வருவதால் வெளிச்சமும் கூடுதல்.

அப்படியும் தெளிவான வானில் முழுநிலா தரும் ஒளி, வெளிச்சத்தை அளக்கும் அலகில், ஏறத்தாழ கால் லக்ஸ்தான். நடக்கப் போதும், பொடி எழுத்தைப் படிக்கப் போதாது. அந்தக் கால் லக்ஸில் கண் வேலை செய்ய இருபது முதல் முப்பது நிமிடம் இருட்டில் பழக வேண்டும். ஒரே ஒரு செல்போன் திரை அந்தப் பழக்கத்தைச் சில நொடிகளில் கலைத்துவிடும். கீழே வரும் ஏற்பாடுகளில் பெரும்பகுதி கண் பழகிய அந்த இருட்டைக் காப்பாற்றுவதற்காக. மீதி, ஒருவரும் விழாமல், கடிபடாமல் வீடு போய்ச் சேர்வதற்காக.

இடம்

காட்டுக்குள் வேண்டாம். சரணாலயங்களிலும் காப்புக்காடுகளிலும் அனுமதியின்றி நுழைவது குற்றம். யானை வரும் மலையடிவாரக் கிராமங்களும் காட்டெருமை உலவும் மலைப்பகுதிகளும் இந்த நடைக்கு ஒத்துவராது. அறுவடைக் காலத்தில் யானைகள் வயலுக்கு இறங்குவதே இரவில்தான். சமவெளிக் கண்மாய், அதை ஒட்டிய வயல், பொட்டல், நாலைந்து பழைய மரங்கள் இருந்தால் தாராளம். கொக்கும் நாரையும் கூடுகட்டும் கண்மாயாக இருந்தால் கூட்டு மரங்கள் இருக்கும் கரையை விட்டுவிடுங்கள். இரவில் பறவை பதறி எழுந்தால் குஞ்சு கூட்டிலிருந்து விழும்.

பாதையின் நீளம் இரண்டு கிலோமீட்டர், மிஞ்சினால் இரண்டரை. இரண்டு மணி நேரத்துக்கு அது போதும். நீளத்தைவிடத் திசை முக்கியம். பனிக்கால முழுநிலா கிழக்கிலிருந்து சற்று வடக்கே தள்ளி எழும். பாதை மேற்கு நோக்கிப் போனால் நிலா முதுகுக்குப் பின்னால் வரும். நடப்பவரின் நிழலே அவர் கால் வைக்கும் இடத்தை மூடி, குழி தெரியாமல் போகும். வடக்குத் தெற்காக ஓடும் கரையில் ஒளி பக்கவாட்டில் விழும். சிறு கல்லும் நிழலோடு எடுத்துக்காட்டப்படும். கண்மாய்க்கரை பொதுவாக வளைந்துதான் போகும். அதில் வடக்குத் தெற்காகக் கிடக்கும் துண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மண்ணின் நிறத்தையும் பாருங்கள். மணலும் வெளிர் சரளையும் நிலவில் பாலாகத் தெரியும். கரிசல் ஒளியை விழுங்கிவிடும். செம்மண் பகலில் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் இரவில் இருண்டுவிடும், அதன் காரணம் பின்னால் வருகிறது. மின்னுவது தண்ணீர், வெளுத்துக் கிடப்பது காய்ந்த தரை, கருத்திருப்பது சேறு அல்லது நிழல் என்று முதலிலேயே எல்லாருக்கும் சொல்லிவிடலாம்.

தவிர்க்க வேண்டியவற்றில் முதலாவது, சுற்றுச்சுவர் இல்லாத தரைமட்டக் கிணறு. நிலவில் அது மரநிழல் போலவே தெரியும். கிணற்றிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் பாதை போகவே கூடாது. கயிறு கட்டி ஒதுக்குவதெல்லாம் போதாது. இரண்டாவது, காட்டுப்பன்றிக்காகச் சட்டத்துக்குப் புறம்பாக மின்சாரம் பாய்ச்சிய வேலிக்கம்பி. வயலுக்குள் குறுக்குவழி எடுக்காதீர்கள். ஓரத்து வயல்காரர் ஒவ்வொருவரிடமும் நேரில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

நாள்

பௌர்ணமியன்றோ அதற்கு முந்தைய நாளோ வையுங்கள். மறுநாள் வைக்காதீர்கள். நிலா நாளுக்கு நாள் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தாமதமாக எழுகிறது. முந்தைய நாள் சூரியன் மறையுமுன்பே நிலா மேலே வந்திருப்பதால் அந்தி ஒளி குறையக் குறைய நிலவொளி ஏறும், நடுவில் இருட்டு இடைவெளி விழாது. பௌர்ணமி கழிந்த மறுநாள் அந்தி போய் நிலா ஏறும்வரை கும்மிருட்டு. இரண்டரை நாள் விலகினாலே வெளிச்சம் பாதியாகிவிடும். அரைநிலாவில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

2026 டிசம்பர் 24-ல் நிலா முழுமையாவது காலை ஏழு மணியளவில். ஆகவே 23-ஆம் தேதி மாலையே நடைக்கு உகந்தது. 2027 ஜனவரி 22 மாலையில் நிலா சூரியன் மறையும் நேரத்தில் முழுமையோடு எழும். ஆனால் அன்று தைப்பூசம். ஊர்க்கோயில் ஒலிபெருக்கியும் பழனி பாதயாத்திரைக் கூட்டமும் இருக்கும் பக்கங்களில் 21-ஆம் தேதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் 20-ஆம் தேதி மாலை. இந்த மூன்றில் டிசம்பரில்தான் மழை குறுக்கிட வாய்ப்பு அதிகம். முதல்முறை நடத்துபவர்கள் தையிலோ மாசியிலோ தொடங்கட்டும்.

ஊரும் ஆட்களும்

ராத்திரியில் கண்மாய்க்கரையில் அந்நியர் கூட்டம் என்றால் ஊர் சந்தேகப்படும், அது நியாயமும்கூட. ஊராட்சித் தலைவரிடமும் காவல் நிலையத்திலும் ஒரு வாரம் முன்பே நாள், நேரம், ஆள் எண்ணிக்கையை எழுதிக் கொடுங்கள். கண்மாய் நீர்வளத் துறையிடம் இருந்தால் அங்கும்.

மடை திறந்து தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டியைத் தேடிப் பிடியுங்கள். சில ஊர்களில் மடைக்குடும்பர் என்பார்கள். ராத்திரி பாய்ச்சலுக்காக அந்தக் கரையில் வாழ்நாளெல்லாம் நடந்தவர் அவர். எந்தப் பொந்தில் என்ன இருக்கும், எந்த இடத்தில் கரை சரிந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஊர் நாய்களும் அவரோடு வருபவர்களைப் பார்த்துக் குலைக்காது. அவருக்கு வழிகாட்டிக்கு உரிய முழுக் கூலி கொடுங்கள்; ‘டீச்செலவுக்கு’ என்று ஐம்பது ரூபாயை நீட்டாதீர்கள்.

நடப்பவர்கள் பன்னிரண்டு பேர், வழிகாட்டிகள் மூவர்: முன்னால் நீர்க்கட்டி, நடுவில் பேசுபவர், கடைசியில் ஆள் எண்ணுபவர். பன்னிரண்டைத் தாண்டினால் வரிசை நீண்டு, பின்னால் இருப்பவருக்கு முன்னால் சொன்னது கேட்காது. அவர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்குவார்கள். எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் அடுத்த வருடம் வரட்டும். பெயர் பதியும்போதே மாலைக்கண், கண்புரை, சர்க்கரையால் வந்த விழித்திரைக் கோளாறு, முழங்கால் வலி உண்டா என்று கேளுங்கள். பார்வை மங்கலானவரை ஒதுக்க வேண்டியதில்லை. இணைந்து நடக்க ஒரு துணையைக் கொடுத்தால் போதும். ஒலியைக் கவனிப்பதில் அவர்கள் பல நேரம் மற்றவர்களை முந்திவிடுவார்கள்.

முன்னோட்டம்

இரண்டு தடவை நடக்க வேண்டும். பகலில் ஒருமுறை: குழி, வேர், முள், பாம்புப் பொந்து, மதகு, மிகுதி நீர் வழியும் கலிங்கு எல்லாவற்றையும் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பாதைக்கு நீட்டிக்கொண்டிருக்கும் சீமைக்கருவேலக் கிளைகளை முகத்தின் உயரம் வரை வெட்டிவிடுங்கள். நிலவில் அந்த முள் தெரியவே தெரியாது, நேரே கண்ணில் ஏறும். இரண்டாவது தடவை, நடைக்கு இரண்டு நாள் முன்பு, அதே நேரத்தில், விளக்கில்லாமல்.

நடையன்று மாலை குழிகளின் ஓரத்திலும் வேர்களின் மேலும் அரிசிக் கோலமாவைத் தூவுங்கள். நிலவில் அது துல்லியமாகத் தெரியும், காலையில் எறும்பு தின்றுவிடும். சுண்ணாம்பும் கல்மாவும் வேண்டாம்.

உடுப்பும் பொருளும்

கணுக்காலை மூடும் ஷூ, தடித்த துணியில் முழுக்கால் சட்டை. செருப்பும் வேட்டியும் கூடாது. பனிக்குத் தலையை மூடத்தான் வேண்டும், ஆனால் குரங்குக் குல்லா காதையும் சேர்த்து அடைத்துவிடும். பருத்தித் துண்டில் காது வெளியே தெரிய உருமால் கட்டினால் தலையும் நனையாது, ஒலியும் கேட்கும். நைலான் ஜெர்கின் ஒவ்வொரு அசைவுக்கும் சரசரக்கும். கம்பளிச் சட்டை போதும். வாசனைத் தைலம் வேண்டாம். கொசுக் களிம்பைக் கிளம்புமுன்பே பூசிக்கொள்ளட்டும்.

வழிகாட்டிகள் மூவரும் முதுகில் வெள்ளைத் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். பத்தடி தள்ளி வருபவருக்கு அதுதான் அடையாளம். முன்னவரிடமும் கடைசியாளிடமும் மட்டும் டார்ச். கண்ணாடியின் மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு ஜிகினாத்தாள் இரண்டு மடிப்பு ஒட்டி, ரப்பர் பேண்ட் போடுங்கள். மங்கிய சிவப்பு ஒளி இருட்டுப் பார்வையை அதிகம் கெடுக்காது. இந்த விளக்கு காட்சி பார்க்க இல்லை: அடர்ந்த புல், கல் இடுக்கு, மரநிழல் ஆகியவற்றைக் கடக்கும்போது தரையைப் பார்க்க. ‘நிலா இருக்கிறதே’ என்று விளக்கே இல்லாமல் நிழலுக்குள் கால் வைப்பது பனிக்காலத்தில் பெரும் தவறு, கண்ணாடி விரியன் நடமாடும் காலம் இது. முன்னவர் கையில் ஐந்தடிக் கம்பு. அதைத் தரையில் தட்டி, அழுத்தி மிதித்து நடக்க வேண்டும்.

கூடவே முதலுதவிப் பை, வெள்ளொளி டார்ச் இரண்டு (ஆபத்துக்கு மட்டும்), கை காலை அசையாமல் கட்டத் தட்டையான பலகைத் துண்டு இரண்டு, அகலத் துணிக்கட்டு நான்கு. ஒரு செம்பருத்திப் பூ, இலையோடு பறித்தது.

நடை

சூரியன் மறையும் நேரத்தில், மாலை ஆறு மணியளவில் கரையடியில் கூடுங்கள். செல்போன்களை அணைத்துப் பைக்குள் போடச் சொல்லுங்கள். ஊமையாக்கினால் போதாது, திரை மின்னும். அந்தி மங்கும் நாற்பது நிமிடத்தை வீணாக்காமல் அங்கேயே உட்காரவையுங்கள், கண் தானாகப் பழகும். பேச வேண்டியதையெல்லாம் இப்போதே பேசிவிடுங்கள்: வரிசை மாறக்கூடாது, இருவருக்கிடையே இரண்டடி இடைவெளி, முன்னவர் கை உயர்த்தினால் நிற்க வேண்டும், எதையும் கையால் தொடக்கூடாது, கல்மேல் உட்காரக்கூடாது.

இந்த நேரத்தில்தான் செம்பருத்தி. ஆறு மணிக்கு அதைக் கைக்குக் கை கொடுங்கள்: பூ தீயாகச் சிவந்திருக்கும், இலை அதன் பக்கத்தில் மங்கல். அந்தி முழுதும் மங்கியதும் மறுபடி கொடுங்கள். பூ கரிந்த கட்டையாகிவிட்டிருக்கும், இலை அதைவிட வெளிறித் தெரியும். பகலில் நிறம் காணும் கூம்புச் செல்கள் ஓய்ந்து, இரவில் வேலை பார்க்கும் கோல் செல்கள் பொறுப்பேற்றுவிட்டதன் அடையாளம் இது. கோல் செல்களுக்குச் சிவப்பு தெரியாது. செம்மண் பாதை இருள்வதும், சிவப்பு டார்ச் கண்ணைக் கெடுக்காததும் இதே காரணத்தால்தான். இதற்குப் பர்கின்ஜே விளைவு என்று பெயர். சொல்லிப் புரியவைக்க அரைமணி ஆவது இந்த ஒரு பூவில் ஒரு நிமிடத்தில் முடியும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். விழித்திரையின் நடுப்புள்ளியில் கோல் செல்கள் கிடையாது. இருட்டில் ஒன்றை நேரே உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும். சற்றுப் பக்கத்தில் பார்த்தால் தெரியும். அடுத்த இரண்டு மணி நேரமும் இது பயன்படும்.

ஏழு, ஏழேகாலுக்கு நிலா போதிய உயரம் ஏறியிருக்கும். அதற்கு முன் கிளம்பினால் ஒளி தரையை உரசி வரும், நிழலே அதிகம்.

முதல் நிறுத்தம் மதகு. கிளம்பி இருநூறு மீட்டருக்குள் இருந்தால் நல்லது. பத்து நிமிடம் பேச்சில்லாமல் உட்கார வேண்டும். முதல் நான்கு நிமிடம் மனிதர்கள் நெளிவார்கள். ஐந்தாவதிலிருந்துதான் கேட்கத் தொடங்குவார்கள். வாத்துகளில் பல இரவில்தான் மேயும். நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் தலைக்கு மேல் போனால் சிறகடிப்பின் விசிறல் கேட்கும். சீழ்க்கைச் சிறகி பறந்தபடியே கூவிக்கொண்டு போகும். ‘குவாக்’ என்று ஒற்றைக் குரல் விழுந்தால் வக்கா, இராக்கொக்கு. பகலில் கூம்பிக் கிடந்த வெள்ளல்லி இப்போது தண்ணீரில் விரிந்திருக்கும். குளிர்ந்த இரவில் தரையோரக் காற்று மேற்காற்றைவிடக் குளிர்ந்திருப்பதால் ஒலி மேலே போகாமல் வளைந்து இறங்கி வெகுதூரம் வரும். எதிர்க்கரையில் ஒருவர் இருமுவது இங்கே கேட்கிறது என்றால், நம் முணுமுணுப்பும் அங்கே கேட்கும்.

அடுத்தது மரங்கள். ஆலமரத்தடியில் இருள் அடைந்திருக்கும். பக்கத்தில் தூங்குமூஞ்சி மரம் இருந்தால் அதன் கீழ் நிலா பொட்டுப் பொட்டாக விழுந்து தரை வெளுத்திருக்கும். இலையை மடித்துத் தூங்கும் மரம் அது. புளியும் அப்படித்தான். ஒரு தாழ்ந்த கிளையில் மடிந்த இலைகளை எல்லாரும் அருகில் போய்ப் பார்க்கட்டும். மாசியாக இருந்து இலுப்பை பூத்திருந்தால் பழந்தின்னி வௌவால் வரும்.

பிறகு பொட்டல். நிலவில் பூச்சி கண்ணுக்குத் தெரிவதால் பக்கிக் குருவி இப்போது சுறுசுறுப்பாக இரை தேடும். வண்டித்தடத்தில் சாணியுருண்டை போல உட்கார்ந்திருக்கும். கல் குதித்து ஓடுவது போன்ற ‘சக்… சக்… சக்சக்சக்’ குரல். கண்கிலேடிப் பறவையின் நீண்ட கூவலும் இங்கேதான். ஆனால் எலியும் சில வௌவால்களும் முழுநிலாவில் அடங்கிவிடும். வெளிச்சத்தில் கூகைக்கும் ஆந்தைக்கும் தாங்கள் தெரிவோம் என்பதால் அவை நிழலை விட்டு வெளிவராது. ‘விலங்கு பார்க்கலாம்’ என்று ஆசைகாட்டி ஆள் சேர்க்காதீர்கள். நிலவில் பார்க்க வேண்டியது வேறு.

ஆள்காட்டிப் பறவை கத்தினால் நடை நிற்க வேண்டும். அது நம்மை ஊருக்கே காட்டிக்கொடுத்துவிட்டது. அதன்பின் எந்த உயிரும் இயல்பாக இருக்காது. ஐந்து நிமிடம் குந்தி உட்காருங்கள், அது அடங்கும். பறவைக் குரலைப் பதிவிலிருந்து ஒலித்து அழைக்கும் வேலை ஒருபோதும் வேண்டாம். அந்தப் பறவை தன் எல்லைக்குள் எதிரி வந்ததாக நினைத்து, இரை தேட வேண்டிய நேரத்தைச் சண்டைக்குச் செலவிடும்.

கடைசி நிறுத்தத்தில் வானம். முழுநிலாவில் பிரகாசமான விண்மீன்கள் மட்டுமே மிஞ்சும், அதுவே ஒரு வசதி. மார்கழிப் பௌர்ணமி திருவாதிரையை ஒட்டி, தைப் பௌர்ணமி பூசத்தை ஒட்டி, மாசிப் பௌர்ணமி மகத்தை ஒட்டி வரும். ஆருத்ரா தரிசனமும் தைப்பூசமும் மாசிமகமும் நாள்காட்டியில் வருவதற்கு முன் வானத்தில் இருந்தவை. மார்கழியில் நிலாவுக்குத் தெற்கே செம்மஞ்சளாக மின்னும் திருவாதிரையை விரலால் காட்டுங்கள். நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம் கட்டியிருந்தால், கையை நீட்டி விரல்களை விரித்து, கட்டைவிரல் நுனியை நிலாவில் வைக்கச் சொல்லுங்கள். சுண்டுவிரல் வட்டத்தைத் தொடும். உயரத்து மேகத்தின் பனித்துகள்கள் ஒளியை 22 பாகை வளைப்பதால் வருவது.

புற ஊதா டார்ச்சில் தேள் பச்சையாக ஒளிர்வதைக் காட்ட விரும்பினால் எல்லாம் முடிந்த பின், கற்குவியலின் நிழல் பக்கத்தில், இரண்டு நிமிடம். முதலில் காட்டினால் கண் பழகியது வீணாகும்.

ஒன்பது, ஒன்பதேகாலுக்கு முடித்துவிடுங்கள். அதற்குமேல் பனி இறங்கிக் கரை வழுக்கும்.

எப்போது ரத்து செய்வது

முந்தைய மூன்று நாளில் மழை பெய்து கரை சேறாக இருந்தால், மாலை ஐந்துக்கு வானத்தில் பாதிக்கு மேல் அடர்மேகம் இருந்தால், எங்காவது மின்னினால். நடுவழியில் மேகம் மூடினால் நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் காத்திருங்கள். விலகாவிட்டால் வெள்ளொளி டார்ச்சை ஏற்றி, வந்த வழியே திரும்பிவிடுங்கள். தட்டுத்தடுமாறித் தொடர்வதில் கௌரவம் எதுவும் இல்லை.

பாம்பு கடித்தால்

விஷமுறிவு மருந்து கையிருப்பில் உள்ள அரசு மருத்துவமனை எது, இரவில் மருத்துவர் இருப்பாரா என்று அன்று காலையே நேரில் கேட்டுவையுங்கள். வண்டி ஒன்று ஓட்டுநரோடு கரையடியில் நிற்க வேண்டும். கடிபட்டவரைக் கிடத்தி அசையவிடாதீர்கள். மோதிரம், கொலுசு, கடிகாரம், ஷூவைக் கழற்றுங்கள், வீக்கம் வரும். கடித்த கை காலைப் பலகைத் துண்டு வைத்துத் தளர்வாகக் கட்டி, தூக்கியே கொண்டுபோங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பாம்பைத் தேடிப்போவது எதுவும் கூடாது. நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றால் சொந்த வண்டியில் கிளம்பிவிடுங்கள். கட்டுவிரியன் கடி வலிக்காமலேகூட இருக்கலாம். இமை சரிவது சில மணி நேரம் கழித்துத் தெரியும். ‘ஏதோ பூச்சி’ என்று யாராவது சொன்னாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

முடிந்தபின்

கரையடியில் சுக்குமல்லிக் காப்பி கொடுங்கள். பேச்சு இங்கே தாராளமாக வரட்டும். அவரவர் எந்த இடத்தில் என்ன கேட்டார்கள் என்று நேரத்தோடு நோட்டில் எழுதவையுங்கள். அடுத்த பௌர்ணமிக்கு எங்கே நிற்பது என்பதை அந்த நோட்டு சொல்லும். ஆளை இரண்டு முறை எண்ணுங்கள், ஒருமுறை வழிகாட்டி, ஒருமுறை நீர்க்கட்டி. எல்லாரும் வண்டி ஏறிய பிறகு காவல் நிலையத்துக்கும் ஊராட்சித் தலைவருக்கும் நடை முடிந்தது என்று ஒரு போன் செய்துவிடுங்கள்.